சிஸ்டர், ஒரு நிமிஷம்! – ட்ரிப்ஸில் ஏறிய மருந்தும் அதற்குப் பிறகும்

போன இதழில் என் முழங்கால் கதையை எழுதியிருந்தேன். செயற்கை மூட்டு வைத்த இடத்தில் கிருமி புகுந்து, ஆறு வாரம் ட்ரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்ட கதை. 34 வருஷம் ஊரார் நரம்பில் ஊசி குத்தியவளுக்கு 63 வயதில் கிடைத்த பதில் மரியாதை என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் விளையாட்டு குறைவாகத்தான் இருந்தது. சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மருந்தை எழுதியது அவர்கள் கை, ஏற்றியது என் கை. ஏற்றியவளுக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. காலில் இருந்த புண் எலும்பு வரை போய்விட்டது. அட்மிட் ஆன இரண்டாம் நாள் வேன்கோமைசின் என்று ஒரு மருந்தை ட்ரிப்ஸில் போட்டார்கள். பத்தே நிமிஷத்தில் "தலையில வெந்நீர் ஊத்துன மாதிரி இருக்கும்மா" என்றார். முகம், கழுத்து, மார்பெல்லாம் ஒரே அரிப்பு. உடனே நிறுத்திவிட்டு, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று எழுதிவிட்டார்கள். இப்போது விலை அதிகமான வேறு மருந்து போகிறது. இனி ஆயுளுக்கும் அந்த மருந்து அவருக்கு ஆகாதா?
– வாசகி, மன்னார்குடி

எனக்கு ஏறியதும் அதே வேன்கோமைசின்தான் அம்மா. உங்கள் அப்பா சொன்ன வெந்நீரை நானும் அனுபவித்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம், ராத்திரி பத்து மணி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பாட்டிலை மாட்டிவிட்டு, மருந்து இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை அகலத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பதினோரு கட்டில். ஒரு கிராம் மருந்து என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் ஏற வேண்டும். எனக்குப் பத்து நிமிஷத்தில் கால் பாட்டில் காலி. முதலில் காது மடல் சுட்டது. அப்புறம் உச்சந்தலை அரித்தது. அப்புறம் முகம் முழுக்கத் திகுதிகுவென்று. என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் பாவம், சின்னப் பெண் திட்டு வாங்குவாளே என்று ஒரு நினைப்பு. இதைவிட முட்டாள்தனம் கிடையாது. அவள் தற்செயலாகத் திரும்பி வந்து பார்த்தபோது என் பிரஷர் 90க்கு இறங்கியிருந்தது. ரோலரை மூடி, டாக்டரைக் கூப்பிட்டு, அரிப்பை அடக்கும் ஏவில் ஊசி போட்டார்கள். எல்லாம் அடங்கிய பிறகு அதே மருந்தை இரண்டு மணி நேரமாக நீட்டி ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த நாலு வாரமும் அதுவேதான் ஏறியது.

வேகமாகப் போனால் இந்த மருந்து உடம்பில் இருக்கும் சில செல்களை நேரடியாகக் கிளறி ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டவைக்கும். அரிப்பும் சூடும் அதனால்தான். இதற்கும் பெனிசிலின் அலர்ஜி மாதிரியான நிஜ அலர்ஜிக்கும் வித்தியாசம் உண்டு. நிஜ அலர்ஜி என்றால் அந்த மருந்தின் நிழல்கூடப் படக்கூடாது. இது வேகத்தால் வந்த வினை என்றால், மெதுவாக ஏற்றிப் பார்க்க பெரும்பாலும் வழி இருக்கிறது. வேன்கோமைசினுக்கு நிஜ அலர்ஜி அபூர்வம். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு ஏறியது? மூச்சு இழுத்ததா, தொண்டை அடைத்ததா, உதடு வீங்கியதா? இது அலர்ஜியா, வேகத்தால் வந்ததா?" பதில் வேகம்தான் என்றால், அந்தச் சிவப்பு மை வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஒரு தப்பான 'அலர்ஜி' அடுத்த பத்து வருஷம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவர் கூடவே வரும். தேவையான நேரத்தில் தேவையான மருந்தைத் தடுக்கும்.

இன்னொன்று. பழைய புத்தகங்களில் இதற்கு 'சிவப்பு மனிதன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயர். நம் தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் கோட்டை விட்டுவிடுவோம். நோயாளி "சுடுது, அரிக்குது" என்றால் அது போதும்.

ரோலர் விஷயத்தில் கூட இருப்பவர்களுக்கு என் சட்டம் இது: மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது என்றால் மூடிவிட்டுக் கத்திக் கூப்பிடுங்கள். திறக்கிற வேலை மட்டும் ஒருநாளும் உங்களுடையது இல்லை. "சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் சாப்பிடலாம்" என்று ரோலரைத் தள்ளிவிட்ட எத்தனையோ மச்சினர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. வென்ஃப்ளான் (நரம்பில் செருகிவைக்கும் சின்னக் குழாய்) போட்டிருந்த இடத்திலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறு மாதிரி கெட்டியாக இருக்கிறது. நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கையை நீட்டினால் இழுக்கிறது.
– வாசகர், சிவகாசி

மருந்தின் காரத்தால் ரத்தக்குழாயின் உட்சுவர் வெந்து, உள்ளே ரத்தம் உறைந்து கெட்டிப்பட்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, சிவப்பு மேலே ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுங்கள். டாக்டரைக் கேட்டு ஹெப்பாரின் வகைக் களிம்பை மெல்லத் தடவலாம். தைலம் போட்டு அழுத்தி நீவக் கூடாது. பாட்டி நீவினால் சரியாகும் என்பது சுளுக்குக்குத்தான். கயிறு கரைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். காய்ச்சலோ சீழோ வந்தால், கை முழுதாக வீங்கினால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. இதய வால்வில் கிருமி என்று நான்கு வாரம் ட்ரிப்ஸ். அதில் ஜென்டாமைசினும் உண்டு. கிருமி போய்விட்டது. ஆனால் அம்மாவால் நேராக நடக்க முடியவில்லை. தலை சுற்றவில்லை என்கிறார். ஆனால் தெருவில் நடந்தால் எதிரே இருக்கும் கடை போர்டெல்லாம் குதிக்கிறதாம். முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறார். வயசாகிவிட்டது, பலவீனம் என்று சொல்லி சத்து டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.
– வாசகர், தென்காசி

போர்டு குதிக்கிறது என்பதையும், சோப்புப் போடும்போது சாய்வதையும் நீங்கள் எழுதியதே பெரிய உதவி. இதை வயசு என்று தள்ளிவிடாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களில், டிபி வார்டில் போட்டார்கள். தினம் காலையில் வரிசையாக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஜென்டாமைசினுக்கு அது அண்ணன் முறை. தறி நெய்கிற ஒருவர் இருந்தார். ஒருநாள், "சிஸ்டர், தறியை விட்டு வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, சத்தம் மட்டும் காதை விட்டுப் போகலை" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் போனார். அப்போதுதான் பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டு, எங்களைத் திட்டிய திட்டில் ஊசி நின்றது. அவர் காது முழுதாகத் திரும்பவில்லை. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

உள்காதில் கேட்பதற்கும் நிலை தவறாமல் நிற்பதற்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் இருக்கின்றன. இந்த வகை மருந்துகள் அவற்றைக் கெடுக்கும். ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் நிலைதவறாமையை அதிகம் தாக்கும், அமிகாசின் கேட்பதை அதிகம் தாக்கும். இரண்டு காதும் ஒன்றுபோலக் கெடுவதால் உலகம் சுற்றாது. கண் முன்னால் இருப்பது ஆடும். இருட்டிலும் கண்ணை மூடும்போதும் கண்ணின் துணை போய்விடுவதால் ஆள் சாய்கிறார். கிட்னி வேலை குறைந்திருந்தால் மருந்து வெளியேறாமல் தேங்கி ஆபத்து கூடும். அதற்குத்தான் நடுநடுவே கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பது. கிட்னிக்கு வரும் பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடும். உள்காதில் செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. கசப்பாகத்தான் இருக்கும், தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் "ஜென்டாமைசினுக்குப் பிறகு" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள். கேட்கும் திறனுக்கும் உள்காதின் சமநிலைக்கும் தனித்தனி டெஸ்ட் உண்டு. பிறகு பிசியோதெரபியில் ஒரு பயிற்சி: கட்டைவிரலை எதிரே நீட்டி அதையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் இடம் வலம் திருப்புவது. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் செய்தால், காது செய்த வேலையில் ஒரு பங்கைக் கண்ணும் காலும் மூளையும் பழகி எடுத்துக்கொள்ளும். சத்து டானிக்கால் இது நடக்காது.

வீட்டில் இன்றைக்கே செய்ய வேண்டியது: கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு விளக்கு. முகம் கழுவும்போது உட்கார ஒரு ஸ்டூல். உங்களுக்கும் ஒரு கேள்வி: அம்மா வழியில் யாருக்காவது இந்த மாதிரி ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருக்கிறதா? சில குடும்பங்களில் தாய் வழியாக வரும் ஒரு மரபணுக் கோளாறு, ஓரிரு ஊசியிலேயே காதைப் பறித்துவிடும். அப்படி இருந்தால் நீங்கள் சகோதர சகோதரிகள் எல்லோரும் எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

இதைப் பதிவும் செய்யுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைக் கவனிக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2010 முதல் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளி வீட்டாரே சொல்லலாம். யார் மேலும் புகார் இல்லை அது. கணக்கில் ஒரு எண் கூடும், அவ்வளவுதான். அந்தத் தறிக்காரர் எந்தக் கணக்கிலும் இல்லை.

நிமோனியாவுக்கு ஒரு வாரம் செஃப்ட்ரையாக்சோன் போட்டு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு எட்டு தடவை வயிறு போகிறது. மெடிக்கலில் நிறுத்துகிற மாத்திரை வாங்கினேன். போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

போடாதீர்கள். ஊசி நின்று மூன்று வாரம் ஆனாலும் காரணம் அந்த ஊசியாக இருக்கலாம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் மருந்தில் செத்துப்போக, காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற ஒன்று குடியேறி விஷம் சுரக்கும். பேதியை அடைத்தால் விஷமும் உள்ளேயே தங்கும். மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே இருங்கள். ரத்தம் போனால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால் உடனே அட்மிட் ஆகுங்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: இதற்குக் கொடுக்கும் மருந்துகளில் முதல் கடிதத்து வேன்கோமைசினும் ஒன்று. ஆனால் வாய் வழியாக. நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது. வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; இந்தக் கிருமியின் வித்து சானிடைசருக்குச் சாகாது.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. வால்ப்ரோயேட் மாத்திரையில் ஆறு வருஷமாக வலிப்பே இல்லை. ஐசியூவில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்த மூன்றாம் நாள் இரண்டு தடவை வந்துவிட்டது.
– வாசகி, ஈரோடு

இதைப் படித்தவுடன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மெரோபெனம் வகை மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் வால்ப்ரோயேட்டின் அளவை ஓரிரு நாளிலேயே மளமளவென்று இறக்கிவிடும். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாலும் ஏறாது. முடிந்தால் வேறு ஆன்டிபயாடிக், இல்லையென்றால் துணைக்கு வேறொரு வலிப்பு மருந்து என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். மெரோபெனம் நின்ற பிறகும் பழைய அளவு திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: தம்பி சாப்பிடும் மாத்திரையின் அட்டையை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனில் 'வலிப்பு மாத்திரை' என்று சொன்னால் போதாது, பெயர் வேண்டும்.

பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாடிக் போட்ட பிறகு என் முகமும் கழுத்தும் கருத்துவிட்டன. உயிர் பிழைத்தேனே என்று இருக்க விடாமல், வருகிறவர்களெல்லாம் முகத்தையே பார்க்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருச்சி

உங்கள் கற்பனை இல்லை. அந்த மருந்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு. நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளியும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கடையில் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசிவிடாதீர்கள், அது தோலைக் கெடுக்கும். வெயிலில் குடை. தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். வருகிறவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "மருந்து கருப்பாக்கிவிட்டது, நான் இருக்கிறேன், காபி சாப்பிடுறீங்களா?"

காபி என்றதும் கேட்கிறேன். மெட்ரோனிடசோல் பாட்டில் ஏறிய நாளிலிருந்து காபி இரும்பை நக்குவது போல் இருக்கிறது. சிறுநீர் வேறு பழுப்பாகப் போகிறது.
– வாசகர், கும்பகோணம்

இரண்டும் அந்த மருந்தின் வேலைதான். முடிந்த சில நாளில் போய்விடும். கண்ணும் மஞ்சளாகத் தெரிந்தால் மட்டும் அன்றே சொல்லுங்கள். கை கால் மரத்தாலும் சொல்லுங்கள். மருந்து நின்று மூன்று நாள் வரை மது கூடாது. அது குமட்டலில் ஆரம்பித்துப் படபடப்பில் கொண்டுபோய் விடும். மற்றபடி, ஃபிளாஸ்கில் காபி கொண்டு வருகிற உங்கள் வீட்டம்மாவிடம் தூள் மாறிவிட்டதா, டிகாக்‌ஷன் பழசா என்று விசாரணை நடத்திக்கொண்டிருக்காதீர்கள். காபி நல்ல காபிதான்.