ஆறு நாள் எண்டூரோ: வீரருக்குப் பின்னால் அல்ல, முன்னால் போங்கள்

கேள்வி: சர்வதேச ஆறு நாள் எண்டூரோ என்னும் மோட்டார் சைக்கிள் போட்டியில் எனக்குப் பிடித்த வீரரைத் தொடர்ந்து பார்க்க ஆசை. இணையத்தில் வரும் நேரப் பட்டியலில் காலையில் முதலிடத்தில் இருந்தவர் மாலையில் பதினெட்டாம் இடத்தில் இருக்கிறார். நேரில் போனவர்கள், நாள் முழுக்கக் காத்திருந்தால் ஒரு நிமிடம் கண்ணில் படுகிறார் என்கிறார்கள். ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனால் என்ன? அப்படியும் முடியாது என்றால் இந்தப் போட்டியில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பதில்: பின்னாலேயே போகும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். போட்டிப் பாதையில் வெளியாள் வண்டி ஓட்டக்கூடாது. தார்ச்சாலை வரும் இடங்களில் போட்டியாளரே நம்பர் பிளேட்டும் விளக்கும் மாட்டிய வண்டியில், அந்த ஊர்ப் போக்குவரத்து விதிப்படிதான் போகிறார். அங்கே அவர் பின்னால் போனாலும் போட்டியைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே போட்டி நடக்கவில்லை. வீரர் எங்கே இருக்கிறார் என்று தேடுகிறீர்கள். போட்டி எங்கே நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் நீங்கள் அவருக்கு முன்பே அங்கே போய் நிற்கலாம்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி ஒரு சோதனைச் சாவடியிலிருந்து அடுத்ததற்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேரும் பயணம். நடுநடுவே நாடா கட்டி வளைத்த ஸ்பெஷல் டெஸ்ட்கள் வரும். புல்வெளியிலோ காட்டிலோ சில நிமிட ஓட்டம், நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். இந்த டெஸ்ட் நேரங்களின் கூட்டுத்தொகையோடு, சாவடிக்கு முன்பின்னாக வந்ததற்கான தண்டனை நேரமும் சேர்ந்ததுதான் முடிவு. பாதையில் யார் யாரை முந்தினார் என்பதற்கு மதிப்பே இல்லை.

ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டியது இரண்டு தாள்கள்: மறுநாளுக்கான புறப்பாட்டுப் பட்டியல், ஒவ்வொரு சாவடிக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதிய வீரரின் அட்டையான டைம் கார்டின் நகல். நிமிடத்துக்குச் சிலராக, பெரும்பாலும் மூவராக, அனுப்புகிறார்கள். உங்கள் வீரர் 8:21-க்குப் புறப்படுகிறார், முதல் சாவடிக்கு 55 நிமிடம், அடுத்ததற்கு 70 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சாவடியில் அவர் அட்டையைக் கொடுக்க வேண்டியது 9:16, இரண்டாவதில் 10:26. முதல் சாவடியைத் தாண்டி இருபது நிமிட ஓட்டத்தில் ஒரு டெஸ்ட் இருந்தால் அங்கே அவர் ஏறத்தாழ 9:36-க்கு நிற்பார். நீங்கள் ஒன்பதுக்கே நாடா ஓரம் இருங்கள். முதல் சாவடிக்கு அவர் இரண்டு நிமிடம் தாமதம் என்றால் அடுத்த கணக்கு அந்தத் தாமதமான நிமிடத்திலிருந்தே தொடங்கும். உங்கள் தாளிலும் எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடத் தாமதத்துக்கு 60 நொடி தண்டனை. சீக்கிரம் வந்து அட்டையைக் கொடுத்தாலும் அதே 60 நொடிதான். அதனால்தான் முன்னதாக வந்தவர்கள் சாவடியின் மஞ்சள் கொடிக்கு முன்பே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தங்கள் நிமிடம் பிறந்ததும் நகர்கிறார்கள். ஒரு டெஸ்டில் ஐந்து நொடி மிச்சம் பிடிப்பதற்கே உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு டெஸ்டில் அப்படிச் சேர்த்ததை ஒரேயொரு நிமிடத் தாமதம் விழுங்கிவிடும். தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆள் போட்டியில் இல்லை.

இப்போது உங்கள் பட்டியல் குழப்பத்துக்கு வருவோம். காலையில் அவர் முதலிடத்தில் இருந்தார் என்றால், அந்த டெஸ்டை அதுவரை முடித்தவர்களில் முதலிடம் என்றுதான் பொருள். மீதிப் பேர் அப்போது வந்தே சேரவில்லை. அவருடைய பிரிவினர் அனைவரும் முடிக்கும் வரை அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அதே பிரிவில் அவருக்குச் சில நிமிடம் முன்பின்னாகப் புறப்படும் மூன்று நான்கு பேரைக் குறித்துவைத்து, அவர்களோடு மட்டும் ஒவ்வொரு டெஸ்டையும் ஒப்பிடுங்கள். ஏன் முன்பின்னாகப் புறப்படுபவர்கள்? தரை அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காலைப் பனி ஈரத்தில் புல்வெளி டெஸ்டைத் திறப்பவருக்கு முன் சக்கரம் வழுக்கும், பிடிமானமான தடமும் இராது. ஐம்பது பேர் போன பிறகு வளைவுகளில் மண் ஒதுங்கி அணை கட்டிவிடும், அதில் சக்கரத்தைச் சாய்த்து வேகமாகத் திரும்பலாம். மழை பெய்தால் எல்லாம் தலைகீழ்: முதலில் போனவருக்குச் சுத்தமான தரை, பின்னால் வருபவருக்கு முழங்கால் ஆழப் பள்ளமும் சேறும். வறண்ட நாளில் காற்று அடங்கியிருந்தால் முன்னால் போனவரின் தூசியே பின்வருபவரின் நேரத்தைத் தின்னும். தரையைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தை மட்டும் பார்த்து, வீரர் சோர்ந்துவிட்டார் என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

டெஸ்டில் எங்கே நிற்பது? பாதை திரும்பத் திரும்ப வளைந்து அருகருகே வரும் இடத்தில் நின்றால் ஒரே ஓட்டத்தில் அவரை நான்கைந்து முறை பார்க்கலாம். வளைவின் உட்புறமும் மேட்டுப்பக்கமும் நல்லது. வளைவின் வெளிப்புறம், இறக்கத்தின் அடி, தாவிக் குதித்து இறங்கும் இடம் மூன்றும் கூடாது. பொதுவாக முதல் இரண்டு நாளும் ஒரே பாதை, மூன்றாம் நான்காம் நாள் வேறொன்று. ஆகவே முதல் நாள் இடம் தேடுங்கள், இரண்டாம் நாள் நிதானமாகப் பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அவர் உங்கள் காலடியில் விழுந்தாலும் வண்டியைத் தூக்கிவிடாதீர்கள். வண்டியை வீரரைத் தவிர வேறு யார் தொட்டாலும் அது வெளியுதவி, அவர் நீக்கப்படலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு, தயங்காமல் ஓடுங்கள். சரிந்து கிடக்கும் நாடாவையும் நீங்களாகக் கட்டாதீர்கள், பாதையைக் கவனிக்கும் போட்டிப் பணியாளரான மார்ஷலைக் கூப்பிடுங்கள். ஒரு அடி தள்ளிக் கட்டினாலும் பின்னால் வருபவர் ஓட்டுவது வேறு பாதை.

‘பார்க்க என்ன இருக்கிறது’ என்று கேட்டீர்கள். மாலையில், வீரர்கள் வண்டியைச் சரிசெய்யும் வேலைப் பகுதியின் வேலியோரம் போய் நில்லுங்கள். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவருக்கு 15 நிமிடம் கிடைக்கும், காலையில் 10 நிமிடம். எல்லா வேலையும் அவரே செய்ய வேண்டும். மெக்கானிக் வெளியே நின்று வாயால் சொல்லலாம். சக்கரத்தையே மாற்றிவிட முடியாது, ஏனென்றால் போட்டிக்கு முன்பே ஃபிரேம், என்ஜினின் கூடான கிராங்க்கேஸ், சக்கரத்தின் நடுப்பகுதியான வீல் ஹப் ஆகியவற்றுக்கு அடையாளம் இட்டுவிடுகிறார்கள், ஆறு நாளும் அவையே இருக்க வேண்டும். ஆக, டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

முன்பக்கம் 21 அங்குலம், பின்பக்கம் 18. உள்ளே ட்யூபுக்குப் பதில் மூஸ் என்னும் கெட்டி நுரை வளையம். புது டயருக்குள் மூஸை முன்கூட்டியே நுழைத்து, வழவழப்பு ஜெல் தாராளமாகத் தடவி வைத்திருப்பார்கள். ஜெல் குறைந்தால் மூஸ் உராய்ந்து சூடாகி மறுநாள் துண்டு துண்டாகிவிடும், டயர் தொளதொளவென்று ஆகும். மாட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டவர் கடைசி ஒரு சாண் உள்ளே போகாமல் லீவரோடு மல்லுக்கட்டுவார். சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் பிரேக் மிதியில் கால் பட்டால் பேடுகள் நெருங்கிவிடும், டிஸ்க் நுழையாது. சக்கர அச்சில் மாட்டும் சிறு வளையமான ஆக்ஸில் ஸ்பேசர் மணலில் விழுந்தால் தேடுவதிலேயே ஒரு நிமிடம் போகும். தேர்ந்தவர்கள் இரண்டு டயரையும் மாற்றி, ஏர் ஃபில்டரும் மாற்றி, நேரத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு, பார்க் ஃபெர்மே என்னும் பூட்டிய வண்டி நிறுத்தத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு காலை வரை யாரும் தொட முடியாது. இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்தவர் மறுநாள் டெஸ்டில் பின்சக்கரம் ஏன் அப்படி ஆடுகிறது என்று தானே கண்டுபிடிப்பார்.

பதக்கக் கணக்கும் உங்களுக்கு உதவும். பிரிவின் முதல்வர் எடுத்த மொத்த நேரத்தில் 10 சதவீதத்துக்குள் முடித்தால் தங்கம், 25 சதவீதத்துக்குள் வெள்ளி, அதற்கு மேல் முடித்தவர்களுக்கு வெண்கலம். முதல்வர் 200 நிமிடம் என்றால் தங்கத்தின் எல்லை 220. ஐந்து நிமிட டெஸ்டில் முப்பது நொடி பின்தங்கினால் எல்லையில் நிற்கிறார் என்று பொருள். உங்கள் வீரர் நாட்டு அணியில் இல்லாமல் கிளப் அணிக்காக ஓட்டுபவர் என்றால் தரவரிசையை விட்டு இந்தச் சதவீதத்தையே பின்தொடருங்கள். அவருடைய உண்மையான போராட்டம் அங்கேதான்.

ஆறாம் நாள் நிறைவு மோட்டோகிராஸ், அதாவது மண் தடத்தில் நேருக்கு நேர் ஓடும் பந்தயம். பிரிவுவாரியாக ஒன்றாகப் புறப்படுவதால், முதலில் கோட்டைத் தாண்டுபவரே வென்றுவிட்டார் என்று கூட்டம் கத்தும். அந்த ஓட்டத்தின் நேரமும் மொத்தத்தில் சேர்கிறது, அவ்வளவுதான். பல நிமிட முன்னிலை வைத்திருப்பவர் புறப்பாட்டு நெரிசலில் விழாமல், பத்தாவதாக வந்தாலும் பட்டம் அவருக்கே.

அன்று மாலை பட்டியலில் பெயர் முதலில் இருந்தாலும் ‘இறுதி’ என்று அறிவிக்கும் வரை பொறுங்கள். 2015-இல் ஸ்லோவாக்கியாவில், சரியான வழியில்தான் வருகிறார்களா என்று பார்க்கும் பாதைச் சாவடி ஒன்றைத் தவறவிட்ட பிரச்சினையில் பல வீரர்கள் சிக்கினார்கள். களத்தில் பிரான்ஸ் முதலில் முடித்தது, போட்டி முடிந்த பின் மேல்முறையீட்டில் நாட்டு அணிகளுக்கான உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போனது.