பைக் விபத்துக்குப் பிறகு தம்பியால் கையைத் தூக்க முடியவில்லை, எலும்பு முறிவும் இல்லை. தானாகச் சரியாகுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். எது என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கையைக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருப்பார்கள். என் தம்பிக்கும் அப்படித்தான் நடந்தது.

அவனுக்குத் தோள் எழவில்லை, முழங்கை மடங்கவில்லை. விரல்கள் மட்டும் நன்றாக ஆடின. "விரல் ஆடுதே, நரம்புக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கைக்கான நரம்புகள் கழுத்துப் பக்கம் தண்டுவடத்திலிருந்து சி5, சி6, சி7, சி8, டி1 என்று ஐந்து வேர்களாகக் கிளம்புகின்றன. காறை எலும்பை ஒட்டிச் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, அக்குளைத் தாண்டி ஐந்து பெரிய நரம்புகளாகக் கையில் இறங்குகின்றன. இந்தப் பின்னலுக்குப் பெயர் பிரேக்கியல் பிளெக்ஸஸ். தோளைத் தூக்குவதும் முழங்கையை மடக்குவதும் பெரும்பாலும் சி5, சி6 வேலை. விரல்களின் நுண்ணிய வேலை சி8, டி1 பொறுப்பு. இப்படி விழுந்தால் முதலில் இழுபடுவது மேல் வேர்கள்தான். அதனால் விரல் ஆடுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

முதலில் பார்த்த இடத்தில் வைட்டமின் மாத்திரை எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் சண்டை போட்டு, நரம்பு அறுவை சிகிச்சை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் கணக்கைச் சொன்னார். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசை வரை 25, 30 செ.மீ. என்றால் எட்டு முதல் பத்து மாதம். நரம்பு வந்து சேராத தசையோ 12 முதல் 18 மாதத்தில் மறுபடி இயங்கும் தன்மையை இழந்துவிடும். இதில் ஆறு மாதத்தைச் சும்மா கழித்தால் மிச்சம் என்ன?

டாக்டர்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெறுமனே இழுபட்ட நரம்பு மூன்று மாதத்துக்குள் தானே தேறுவதும் உண்டு. அந்த மூன்று மாதமும் தெரிந்தவர் ஒருவர் அவ்வப்போது சோதித்து எழுதி வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து, தசைக்கு நரம்புத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் மின் சோதனையான ஈ.எம்.ஜி. எடுக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் உதவும்.

என் தம்பிக்கு அந்த மேல் வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்திருந்தன. அவை தானாக ஒட்டாது. கையில் இறங்கும் அந்த ஐந்து நரம்புகளில் ஒன்றான, சுண்டுவிரல் பக்கம் போகும் உல்நார் நரம்பிலிருந்து ஒரு சிறு இழையைப் பிரித்து, மேற்கையிலேயே பைசெப்ஸுக்குப் போகும் கிளையோடு தைத்தார்கள். ஒபர்லின் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1994-இல் வெளியிட்ட முறை இது. தசைக்குப் பக்கத்திலேயே இணைப்பதால் நரம்பு வளர வேண்டிய தூரம் மிகக் குறைவு. அந்த இழை மணிக்கட்டை மடக்க இருந்தது. அதனால் ஆரம்பத்தில் மணிக்கட்டை மடக்கி, கையை இறுக்கிப் பிடித்தால்தான் அவனுக்கு முழங்கை மடங்கியது. பிசியோவில் பழகிப் பழகி, இப்போது யோசிக்காமலே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறான். தோள் பாதிதான் எழுகிறது, அதையும் மறைக்கவில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவன் குடித்துவிட்டோ வேகமாகப் போயோ விழவில்லை. வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, தெருவிளக்கும் எரியாத இடம். மனு கொடுத்து அலைந்தோம், இன்றுவரை கோடு போடவில்லை. ஹெல்மெட் போட்டானா என்று எங்களைக் கேட்பவர்கள் அதைப் பற்றி யாரையும் கேட்பதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்ட பக்கம் கண் இமை இறங்கி, கண்மணி சிறுத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் டி1 வேர் பிய்ந்திருக்கலாம், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பிசியோ காட்டித் தருகிறபடி தோள், முழங்கை, விரல் மூட்டுகளைத் தினமும் நீங்களே அசைத்து விடுங்கள். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தாலும் கை மடங்காது. பணம்தான் தயக்கம் என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.