கடிக்கிற பிள்ளை, கடிபட்ட பிள்ளை: கேள்வி பதில்

கோவையில் 16 வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகள்தான் அதிகம். கடிப்பதைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பையனுக்கு 1 வயது 9 மாதம். ப்ளே ஸ்கூலில் சேர்த்து ஒரு மாதத்துக்குள் நான்கு பிள்ளைகளைக் கடித்துவிட்டான். கூட்டி வரப் போனால் மிஸ் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வளர்ப்பில் என்ன தப்பு, அக்கா?

ஒரு தப்பும் இல்லை. "எனக்குக் குடு", "தள்ளிப் போ" என்று சொல்ல இன்னும் பேச்சு வரவில்லை, அதற்குள் பல் வந்துவிட்டது. அவ்வளவுதான். வெட்கப்படுவதை விட்டுவிட்டு மிஸ்ஸிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தான், எங்கே, பக்கத்தில் யார், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது, இந்த நான்கும் போதும்.

என்னிடம் ஒருவன் வாரத்துக்கு மூன்று கடி வைத்துக்கொண்டிருந்தான். பத்து நாள் எழுதிப் பார்த்தோம். எல்லாமே 11.45-லிருந்து 12.15-க்குள், கை கழுவும் குழாய்க்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது. காலை ஏழு மணிக்கு அரை இட்லியோடு கிளம்பி வருகிற பிள்ளை. வயிற்றில் பசி, முதுகில் பின்னால் நிற்பவனின் இடி. 11.30-க்கே அவனை முதல் ஆளாகக் கை கழுவ வைத்து, பாதி வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்தோம். அடுத்த மாதம் ஒரே ஒரு கடி. அதுவும் நான் லீவு போட்ட அன்றைக்கு.

கேள்வி: "நீயும் திருப்பிக் கடி, அப்போதான் வலி தெரியும்" என்கிறார் கணவர். உதட்டில் மிளகாய் தடவச் சொல்கிறார் மாமியார். எதைச் செய்வது?

இரண்டையும் வேண்டாம். நீங்கள் கடித்தால், பெரியவர்களும் கடிக்கலாம் போல என்றுதான் அவனுக்குப் புரியும். மிளகாய் உதட்டோடு நிற்காது, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவான்.

கடித்தவுடன் முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். கடித்தவன் அதைப் பார்க்கட்டும். அப்புறம் அவன் உயரத்துக்குக் குனிந்து, கத்தாமல், சிரிக்காமல், "கடிக்கக் கூடாது, பாப்பாவுக்கு வலிக்குது" என்று ஒரு தடவை சொன்னால் போதும். அடுத்து, அவன் கேட்க நினைத்ததை வார்த்தையாக்கிக் கொடுங்கள்: "லாரி வேணும்னா 'தா'ன்னு கை நீட்டு." சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு யாரைக் கடிச்ச?" என்று விசாரணை வேண்டாம். காலையில் நடந்தது அவனுக்கு எங்கே நினைவிருக்கும்?

கேள்வி: என் மகள் கன்னத்தில் பல் தடம் பதிந்திருக்கிறது. கடித்தது யார் என்று பள்ளியில் சொல்ல மறுக்கிறார்கள். இது நியாயமா?

முதலில் காயம். தோல் கிழியவில்லை என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி எடுங்கள். கிழிந்து ரத்தம் வந்திருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, தடுப்பூசி அட்டையோடு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

பெயரை நானும் சொல்லமாட்டேன். சொன்னால் மறுநாள் கேட்டருகே இரண்டு அம்மாக்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள், இங்கே உள்ளே அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் அப்போது பெரியவர் யார் பக்கத்தில் இருந்தார், நாளையிலிருந்து என்ன மாற்றப் போகிறீர்கள் என்று நீங்கள் கட்டாயம் கேட்கலாம். இதற்குப் பதில் இல்லையென்றால் கோபப்படுங்கள், நியாயம்தான்.

கேள்வி: நான் ப்ளே ஸ்கூல் மிஸ். 14 பிள்ளைகளுக்கு நானும் ஓர் ஆயாவும்தான். எப்படிச் சமாளிப்பது?

கஷ்டம்தான், எனக்குத் தெரியும். 14 பேரையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஏழு பேர் மணலில் என்றால் மற்ற ஏழு பேர் உள்ளே. எல்லோரும் அடித்துக்கொள்கிற பொம்மையை இரண்டாக வாங்கிப் போடுங்கள். எங்களிடம் ஒரே ஒரு சிவப்பு லாரி இருந்த வரைக்கும் தினமும் பஞ்சாயத்து. சும்மா காத்து நிற்கும் நேரத்தையும் குறையுங்கள்.

கடிக்கிற பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் சில நாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். கடி திடீரென்று விழாது. தோள் விறைக்கும், வாய் லேசாகத் திறக்கும், முகம் எதிரில் உள்ளவன் கை பக்கம் சாயும். அந்த இரண்டு நொடியில் உங்கள் உள்ளங்கையை நடுவில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆயாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பது அவர்தான்.

கேள்வி: இரண்டேகால் வயது. சட்டைக் காலரைக்கூட மென்றுகொண்டே இருக்கிறாள். பல் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். கடைசிக் கடைவாய்ப் பால்பற்கள் வருகிற வயது இதுதான், ஈறு ஊறும். சுத்தமான ஈரத்துணியைக் குளிரவைத்து மெல்லக் கொடுங்கள். மரத்துப்போகிற ஜெல்லை டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள்.

கேள்வி: பேரன் வீட்டில் யாரையும் கடிப்பதில்லை, பள்ளியில் மட்டும்தான் கடிக்கிறான். ஏன்?

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "கடிச்சுத் தின்னுடுவேன்" என்று அவன் கன்னத்தைக் கவ்வி விளையாடுவது வீட்டில் யார்? அவன் சிரிக்கிறான், நீங்களும் சிரிக்கிறீர்கள். அதே விளையாட்டைப் பள்ளியில் போய்ச் செய்கிறான். சில மாதம் முத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்றரை வயதாகிறது, இன்னும் கடிக்கிறான். மொத்தம் பத்துப் பதினைந்து வார்த்தைதான் பேசுகிறான். "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

இதில் மட்டும் அப்படிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வயதிலேயே "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள், பிறகு பேச்சுப் பயிற்சி. தனியாரில் செலவு செய்ய முடியாது என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளுக்கான அரசு மையம் அது. போகும்போது பள்ளியில் எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் கேட்பார்.