உப்பு போனால் வரப்பு ஏன் சரிகிறது?

கேள்வி: எங்கள் பழைய உப்பளத்து வரப்பு வெயிலில் பாறை மாதிரி கிடக்கிறது. ஐப்பசியில் நாலு மழை பெய்தால் ஓட்டை விழுந்து சரிகிறது. உப்பு கழுவிப்போனால் மண் நல்லதாகத்தானே ஆகணும்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பயிருக்கு நல்லது, வரப்புக்கு இல்லை. மண்ணுக்குள் உப்புத்தண்ணீர் இருக்கும்வரை களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மழை அந்த உப்பைக் கழுவிவிட, துகளோடு ஒட்டிய சோடியம் மட்டும் மிஞ்சி, அவை ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். சந்தேகமா? சுண்டைக்காய் அளவு மண்ணுருண்டையை ஒரு டம்ளர் மழைத்தண்ணீரில் போடுங்கள். கலக்காமலே பால் கலங்கல் கிளம்பினால் அதேதான்.

நார்வேயில் இது பெரிய வினை. கடலடியில் படிந்து, பனிப்பாறை உருகியபின் நிலத்தோடு மேலெழுந்த களிமண்ணில் ஆயிரக்கணக்கான வருடமாக நன்னீர் ஊறி உப்பைக் கழுவிவிட்டது. பார்க்கக் கெட்டி, கலைத்தால் கூழ். 1978-ல் ரிஸ்ஸாவில் கொட்டகைக்குத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவிக்கப்போய், வயலும் வீடுமாக ஏரிக்குள் ஓடியது. அங்கே பொட்டாசியம் குளோரைடு உப்பை மண்ணுக்குள் இறக்கிப் பலப்படுத்துவதும் உண்டு.

நம்ம ஊர் தட்டைநிலம், அந்த அளவுக்குப் பயப்படாதீர்கள். ஓட்டையை மேலாக மட்டும் அடைக்காமல் வெட்டியெடுத்து, ஜிப்சம் கலந்து, லேசான ஈரத்தில் திமிசு போட்டு இறுக்குங்கள். அப்புறம், மழைக்கு முன்னாடியே செய்யுங்கள்.