4440 ஆம்ப்ல ஊஊன்னு இரைச்சல், என்ன பண்றது?

கேள்வி: சார், 4440 ஐசி போர்டு வாங்கி 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வீட்டுலயே ஸ்டீரியோ ஆம்ப் செஞ்சேன். பாட்டு நல்லா கேக்குது, ஆனா வால்யூமை ஜீரோ வச்சாலும் ஒரு இரைச்சல் நிக்க மாட்டேங்குது, கன்ட்ரோல் மேல கை வச்சா சத்தம் மாறுது. பட்டன் போன் பக்கத்துல இருந்தா டிட்டிட்டிட்னு வேற. கடைக்காரர் சொன்னாருன்னு பவர் சப்ளைல இருந்த 2200 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டன்சரைக் கழட்டிட்டு 4700 போட்டேன், ஒண்ணும் ஆகலை. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கண்டன்சர் மேல பழி போடாதீங்க, பாவம் அது. உங்களுக்கு இருக்கறது ஒரு சத்தம் இல்ல, மூணு.

முதல்ல போர்டுல இன்புட் பாயின்டையும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற கிரவுண்டையும் சின்ன ஒயர் வச்சு ஷார்ட் பண்ணுங்க. அப்பவும் ஸர்ர்ருனு கரகரப்பா கேட்டா, அது 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளை பக்கம் வர்றது. எனக்கு முதல் ஆம்ப்ல இதே கதைதான், ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, கடைசில பாத்தா ஒரே ஒரு கருப்பு ஒயர், சென்டர் டேப்பைக் (டிரான்ஸ்ஃபார்மரோட நடு ஒயர், 12-0-12ல வர்ற அந்த 0) கொண்டுபோய் இன்புட் கிரவுண்ட்ல சால்டர் பண்ணி வச்சிருக்கேன்! டயோடு வழியா கண்டன்சர் சார்ஜ் ஆகுறது சீரா இல்லைங்க, நொடிக்கு 100 தடவை டக்கு டக்குனு கரண்டை இழுக்கும், அந்த கரண்ட் இன்புட் கிரவுண்ட் ஒயர்ல ஓடினா அதுல ஒரு மில்லிவோல்ட் நின்னாலே போதும், 4440க்கு கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) சுமார் 51 டிபி, அதாவது முன்னூத்தி அம்பது மடங்குக்கு மேல, ஸ்பீக்கர்ல மூணுல ஒரு பங்கு வோல்ட் வந்து நிக்கும். கண்டன்சரைப் பெருசாக்கினா அந்த இழுப்பு இன்னும் கூர்மையாத்தான் ஆகும். அதனால சென்டர் டேப் நேரா கண்டன்சர் மைனஸுக்கு, ஸ்பீக்கர் மைனஸ் ரெண்டும் அங்கயே, அங்கேருந்து போர்டுக்கு ஒரே ஒரு ஒயர்.

ஷார்ட் பண்ணதும் அடங்கிடுச்சுன்னா கோளாறு ஒயர்லயும் கன்ட்ரோல்லயும். கை வச்சா மாறுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, கன்ட்ரோலோட இரும்பு பாடி கிரவுண்ட் ஆகலை. பாடியைக் கொஞ்சம் சுரண்டிட்டு ஒரு ஒயர் வைங்க, பெயின்ட் மேல சால்டர் பிடிக்காது. இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் (மேல கம்பி வலை சுத்தினது), டிரான்ஸ்ஃபார்மரை விட்டு எவ்ளோ தள்ளி ஓட்ட முடியுமோ அவ்ளோ தள்ளி. அதுக்கப்புறமும் ம்ம்ம்னு மெதுவா இருந்தா டிரான்ஸ்ஃபார்மரை ஸ்க்ரூ பண்றதுக்கு முன்னாடி கையில பிடிச்சு திருப்பிப் பாருங்க (பிரைமரி, அதாவது வீட்டு கரண்ட் வர்ற பக்கம், ஜாயின்ட்டுக்கு ஸ்லீவ் போட்டுட்டுத்தான், வெறும் கம்பி கையில பட்டுடப் போகுது), ஒரு பக்கம் திரும்பினப்ப சத்தம் நல்லா குறையும்.

போன் விஷயம் தனி. 2ஜி போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும், உங்க இன்புட் ஒயர் அதுக்கு ஆன்டெனா. இன்புட்ல வரிசையா 1கே ரெசிஸ்டர், அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு 220 பிஎஃப் டிஸ்க் கண்டன்சர் போடுங்க, ஐசி காலுக்கு ஒட்டி, நீளமா கால் விடாம. பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

டிவியோ கம்ப்யூட்டரோ கனெக்ட் பண்ணா மட்டும் இரைச்சல் வந்தா, எர்த் முள்ளை வெட்டிடுன்னு யாராவது வந்து சொல்லுவாங்க. சத்தம் போகும்தான், ஆனா ஒருநாள் கேபினட்டைத் தொட்டா ஷாக்கும் அடிக்கும். அதுக்குப் பதிலா ஆடியோ ஒயர்ல நடுவுல 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கோங்க.

ஷார்ட் டெஸ்ட் முடிச்சிட்டு சத்தம் நின்னுச்சா இல்லையான்னு எழுதுங்க.