சிண்ட்ரெல்லா கையில் வாளைக் கொடுத்தால் போதுமா?

பெண்ணியப் பார்வையில் மறுபடி சொல்லப்படும் தேவதைக் கதைகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அசல் கதையை இஷ்டத்துக்கு மாற்றுவது தப்பில்லையா?

எந்த அசல்? ஜெர்மன் நாட்டுக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் புத்தகத்துக்கு முதல் பதிப்பு 1812இல் வந்தது, கடைசிப் பதிப்பு 1857இல். நடுவில் வில்ஹெல்ம் கிரிம் திருத்திக்கொண்டே இருந்தார். 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள்.

ராபன்சல் கதை இன்னும் வேடிக்கை. முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட அந்தப் பெண் தன்னை அடைத்து வைத்தவளிடமே, உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று கேட்கிறாள். இளவரசன் ரகசியமாக வந்து போவதும் இவள் கர்ப்பமாக இருப்பதும் அடைத்து வைத்தவளுக்குப் புரிந்துவிடுகிறது. குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் இதெல்லாமா என்று ஆட்சேபம் வந்தது. அப்புறம் வந்த பதிப்புகளில், இளவரசனைவிட உன்னைக் கோபுரத்துக்கு மேலே தூக்குவதுதான் சிரமமாக இருக்கிறது என்று உளறி மாட்டிக்கொள்கிறாள். தன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டவளை அசடாக்கிவிட்டார்கள். ஆனால் கதை முடிவில் இரட்டைக் குழந்தைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன!

கேள்வி: இவற்றையெல்லாம் உருவாக்கியது ஆண்கள்தானே?

அச்சில் ஏற்றியது பெரும்பாலும் ஆண்கள். கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் பெண்கள் நிறையப் பேர். தையல்காரர் மனைவி டோரதேயா ஃபீமன் ஒருவர். பின்னாளில் வில்ஹெல்மையே மணந்த டோர்ட்சென் வில்ட் இன்னொருவர். 'தேவதைக் கதைகள்' என்ற தலைப்பில் 1697இல் பிரெஞ்சில் புத்தகம் போட்ட மதாம் தோல்னுவா, சிறு வயதிலேயே தன்னைவிடப் பல வருடம் மூத்தவருக்குக் கட்டிவைக்கப்பட்டவர். மிருக ரூபத்தில் வரும் மாப்பிள்ளைகளை அவர் கதைகளில் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

கேள்வி: யாரிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர். 1979இல் வந்த 'தி பிளடி சேம்பர்'. மனைவிகளைக் கொன்று பூட்டி வைக்கும் நீலத்தாடிக்காரன் கதையை பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ எழுதியபோது, பெண்ணைக் காப்பாற்ற அவள் அண்ணன் தம்பிகள் வந்தார்கள். கார்ட்டர் கதையில் வருவது அம்மா, குதிரையில், துப்பாக்கியோடு. அந்த ஒரு மாற்றத்தில் மொத்தக் கதையும் திரும்பிவிடுகிறது. பழைய சட்டகத்துக்குள்ளேயே நின்றுவிட்டார் என்று பெண்ணியவாதிகளிலேயே சிலர் அவரைக் குறை சொன்னதும் உண்டு.

அடுத்தது அயர்லாந்து எழுத்தாளர் எம்மா டானஹ்யூவின் 'கிஸ்ஸிங் தி விட்ச்' (1997). ஒரு கதை முடிந்ததும் அதன் நாயகி, தனக்கு முன்னால் நிற்கும் இன்னொருத்தியிடம் இதற்கு முன்னால் நீ யாராக இருந்தாய் என்று கேட்கிறாள். அவள் சொல்வதுதான் அடுத்த கதை. சூனியக்காரிக்கும் இப்படித்தான் முறை வருகிறது.

கேள்வி: என் கதையில் சிண்ட்ரெல்லா இளவரசனை உதறிவிட்டு வாள் பழகப் போகிறாள். படித்தவர்கள் பிரசாரம் என்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. வாள் வந்ததும் அவள் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். கிரிம் கதையில் மாற்றாந்தாய் பருப்பைச் சாம்பலில் கொட்டி, இரண்டு மணி நேரத்தில் பொறுக்கச் சொல்கிறாள். பறவைகள் வந்து உதவுவதால் நாம் அதைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். பறவைகள் வராவிட்டால்? நகக்கண்ணில் சாம்பல், விரல் நுனியில் எரிச்சல், வாசலில் வண்டி கிளம்பும் சத்தம். அந்த இரண்டு மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். அவள் என்ன முடிவு எடுப்பாள் என்பது அங்கிருந்து தானாக வரும்.

கேள்வி: கடைசியில் இளவரசனையே கட்டிக்கொண்டால் பெண்ணியக் கதை ஆகாதா?

தாராளமாக ஆகும். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று பாருங்கள்.

கேள்வி: தமிழில் இப்படி உண்டா?

நம்மவர்கள் கை வைத்தது பெரும்பாலும் இதிகாசத்தில். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வந்தது. ராமன் கால் பட்டு உயிர்த்த அகலிகை, ராமன் தீக்குளிக்க வைத்த கதையைச் சீதை வாயாலேயே கேட்டு மறுபடி கல்லாகிறாள். அதற்கு வாளெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு பெண்களைப் பேச வைத்தார், அவ்வளவுதான்.

கேள்வி: காப்புரிமைச் சிக்கல் வருமா?

பெரோ, கிரிம் எழுதியவை பொதுச்சொத்து. மொழிபெயர்ப்புக்கும் சினிமாவுக்கும் தனி உரிமை இருக்கலாம், அங்கேதான் கவனம் வேண்டும். கண்ணாடிச் செருப்பு பெரோவுடையது, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குள்ளர்களுக்கு 1937 டிஸ்னி படத்தில் வைத்த பெயர்களைத் தொடாதீர்கள். கிரிம் அவர்களுக்குப் பெயரே வைக்கவில்லை. நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.