பவர் பட்டனிலிருந்து டெஸ்க்டாப் வரை

வணக்கம் ஐயா,

நான் கல்லூரியில் படித்தது வரலாறு. இப்போது ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. எந்த சிஸ்டம் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பாதி நேரம் ஆஃப் செய்து ஆன் செய்தே சமாளித்துவிடுகிறேன். முறையாகப் படித்து டெக்னீஷியனாகவே ஆகிவிடலாமே என்று கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்களுக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிறேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அட்டவணைக்கு மேல் அட்டவணை. ராமுக்கு எத்தனை பின், எந்த சேவைக்கு எந்த போர்ட் எண், எந்த கேபிளுக்கு என்ன வேகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இன்று படித்தது இரண்டு நாளில் காணாமல் போகிறது. ஹார்ட்வேரை முடித்துவிட்டு ஓஎஸ்ஸுக்குப் போகலாம் என்றால் ஹார்ட்வேரே முடிந்தபாடில்லை. பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு சிஸ்டமும் என்னிடம் இல்லை. எதில் தொடங்குவது? இரண்டு தேர்வில் எதை முதலில் எழுதுவது?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

அட்டவணைகளைச் சில வாரங்களுக்கு மூடி வையுங்கள். பிறகு அவற்றுக்கு வரலாம்.

ஹார்ட்வேரை முடித்துவிட்டு ஓஎஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். புத்தகம் போடுகிறவர்களுக்கு அத்தியாயம் பிரித்தாக வேண்டும். ஆனால் உங்களிடம் வரும் பழுது அப்படிப் பிரிந்து வருவதில்லை. "ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வரல" என்றுதான் சொல்வார்கள். அது எந்த அத்தியாயம் என்று கண்டுபிடிப்பதுதான் டெக்னீஷியன் வேலை. ஆகவே பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து டெஸ்க்டாப் தெரியும் வரை என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது என்பதை முதலில் படியுங்கள். புத்தகம் பார்க்காமல் யாருக்காவது சொல்லிக் காட்டும் அளவுக்குப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளலாம்.

சுருக்கமாக நானே ஒருமுறை நடத்திக் காட்டுகிறேன்.

பிளக் செருகியிருக்கும்வரை, சிஸ்டம் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கு என்று சொல்வது இதனால்தான். பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. மதர்போர்டுக்கு ஒரு சைகை காட்டுகிறது, அவ்வளவுதான். போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும். 12, 5, 3.3 வோல்ட்கள் நிலைப்பட்டதும் எஸ்எம்பிஎஸ் 'பவர் குட்' என்ற சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். அதன்பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும். இந்த இடத்தில் நின்றால் அறிகுறி எப்படி இருக்கும்? முழு அமைதி. அல்லது ஃபேன் ஒரு நொடி சுற்றி நிற்கும். அப்போது பார்க்க வேண்டியவை பிளக், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச், 24 பின் கனெக்டர், பிராசசருக்கென்று தனியாக வரும் 4 அல்லது 8 பின் கனெக்டர். கடைசியாகச் சொன்னதை மாட்ட மறப்பவர்கள் ஏராளம். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

அடுத்து, மதர்போர்டில் இருக்கும் ஃபிளாஷ் சிப்பிலிருந்து ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள், ஓட ஆரம்பிக்கிறது. பழைய பழக்கத்தில் எல்லோரும் பயாஸ் என்கிறோம். இன்று பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. அது ராமைக் கண்டுபிடித்துப் பழக்கி, பிறகு கிராபிக்ஸைத் தட்டி எழுப்பும். திரை உயிர்பெறுவதற்கு முன்பே ராம் சோதனை நடந்துவிடுவதால், ராம் பழுதானால் அதைத் திரையில் எழுதிக்காட்ட வழியில்லை. பீப் ஒலியும் போர்டில் எரியும் குட்டி விளக்குகளும் அதற்காகத்தான். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், போர்டின் கையேட்டைப் பார்த்தால் போதும். டிடிஆர் 5 ராம் போட்ட புது சிஸ்டம் முதல்முறை ஆன் ஆகும்போது மெமரியைப் பழக்குவதற்கே சில நிமிடம் திரை கறுப்பாக இருக்கலாம். பதறிப்போய் நடுவில் ஆஃப் செய்பவர்கள் உண்டு. ராமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டுகிற வைத்தியமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அங்கே குணமாக்கியது கழற்றி மாட்டியதுதான், அழிப்பானுக்கு வீண் பெயர்.

இனி பூட் டிவைஸ், அதாவது ஓஎஸ் ஏறி வரும் டிஸ்க். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்க ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு முறைகள் உண்டு. ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கில் ஃபேட் 32-இல் ஃபார்மட் செய்த சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். யூஇஎஃப்ஐ அதைத் தேடிப்போய் அதிலுள்ள விண்டோஸ் பூட் மேனேஜரிடம் பொறுப்பைக் கொடுக்கும். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் எல்லாம் தொடங்கும். "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால், ரீஇன்ஸ்டால் என்ற வார்த்தையை வாயில் எடுக்கும் முன் ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையா? அது கேபிள், ஸ்லாட், அல்லது டிஸ்க்கே. எந்த மென்பொருளும் உதவாது. தெரிகிறதா? அப்படியானால் பூட் வரிசை, யூஇஎஃப்ஐயா லெகசியா என்ற அமைப்பு, பூட் கோப்புகள் என்று போக வேண்டும். யாரோ மறந்து செருகி வைத்த பென்டிரைவும் காரணமாக இருக்கும். இந்த ஒரு கேள்வி உங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பூட் மேனேஜர் விண்டோஸ் லோடரை அழைக்கும். லோடர், விண்டோஸின் மையமான கெர்னலையும் அத்தியாவசியமான டிரைவர்களையும் ராமில் ஏற்றும். பிறகு சர்வீஸ்கள், லாகின் திரை, கடைசியாக டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர். நீலத்திரை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் முகம் காட்டும். சேஃப் மோடில் விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் எழும். அதில் ஒழுங்காக எழுந்து, வழக்கமான முறையில் விழுந்தால் சந்தேகம் டிரைவர் மீதோ, கூடவே தொடங்கும் ஏதோ ஒரு புரோகிராம் மீதோதான் போக வேண்டும். லாகின் ஆனபின் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால் அதிலிருந்தே எக்ஸ்புளோரரை ஓட்டிப் பார்க்கலாம். இவ்வளவு தூரம் வந்த சிஸ்டத்தில் போய் ராமைக் கழற்றுவது முதல் வேலையாக இருக்க முடியாது, இல்லையா?

ஹார்ட்வேரும் ஓஎஸ்ஸும் தனித்தனி இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் சிஸ்டத்தின் கடிகாரம் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் பழைய தேதிக்குப் போய்விடும். ஆனால் பயனர் உங்களிடம் தேதி தப்பு என்று சொல்லமாட்டார். "எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்று வருகிறது" என்பார். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க தேதியும் முடிவு தேதியும் உண்டு. சிஸ்டத்தின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் மறுத்துவிடும். உடனே ஆன்டிவைரஸைக் குறை சொல்லி, பிரவுசரை நீக்கி மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு விதமும் உண்டு. சில போர்டுகளில் பேட்டரி தீர்ந்ததும் ஃபர்ம்வேர் அமைப்புகள் முழுக்கத் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் கன்ட்ரோலர் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறிவிட்டால், நேற்று வரை ஓடிய விண்டோஸ் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டும். டிஸ்க்குக்கும் ஒன்றுமில்லை, விண்டோஸுக்கும் ஒன்றுமில்லை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற முயன்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று பல சிஸ்டங்கள் மறுக்கும். அதில் எத்தனையோ சிஸ்டங்களில் டிபிஎம் பிராசசரிலேயே இருக்கும், ஃபர்ம்வேரில் அணைத்து வைத்திருப்பார்கள். ஓஎஸ் சொல்லும் குறை, தீர்வு ஃபர்ம்வேரில்.

சரி, எண்களுக்கு வருவோம். இரண்டு வகை எண்கள் உண்டு. காரணம் உள்ளவை முதல் வகை. 32 பிட் முகவரியால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 430 கோடி இடங்களைத்தான் சுட்ட முடியும். ஓரிடத்துக்கு ஒரு பைட் என்றால் 4 ஜிபி. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபியில் நின்றுபோவது இதனால். அதே 32 பிட்டை எம்பிஆர் டிஸ்க்கின் செக்டர்களை எண்ணப் பயன்படுத்துகிறது. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2 டிபி வருகிறது. எம்பிஆரின் வரம்பு அதுவே. ஒரே கணக்கு, இரண்டு விடைகள். எம்.2 டிரைவின் மேல் 2280 என்றிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் பதில் தராததால் சிஸ்டம் தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். இவற்றை ஒருமுறை யோசித்துப் பார்த்தால் போதும், மறக்காது.

இரண்டாம் வகை யாரோ தீர்மானித்தவை. போர்ட் எண்களில் டிஎன்எஸ்ஸுக்கு 53, எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. இதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. சீட்டு எழுதி, தினமும் கொஞ்சம் புரட்டி மனதில் ஏற்ற வேண்டியதுதான். டிடிஆர் 4, டிடிஆர் 5 இரண்டுக்குமே டெஸ்க்டாப் ராமில் 288 பின், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. கையில் பிடிக்கும்போது உதவுவது அந்த வெட்டுதான், 288 தேர்வுக்கு.

பிரித்துப் பார்க்க சிஸ்டம் இல்லை என்கிறீர்கள். ஓஎஸ் பக்கத்துக்கு அது ஒரு குறையே இல்லை. உங்கள் கணினியில் குறைந்தது 8 ஜிபி ராம் இருந்தால் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை இலவசமாக நிறுவலாம். விண்டோஸ் 11 என்டர்பிரைஸின் 90 நாள் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது. நிறுவியதும் ஒரு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வரக்கூடிய நிலைப்பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கெடுங்கள். இரண்டு காலி டிஸ்க் சேர்த்து ஒன்றை எம்பிஆராகவும் மற்றதை ஜிபிடியாகவும் பிரியுங்கள். நெட்வொர்க்கை 'இன்டர்னல்' என்று மாற்றிவிட்டு ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பாருங்கள், மேலே சொன்ன 169.254 கண்முன் வரும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ளதை அழித்துவிட்டு, நிறுவல் வட்டின் ரிப்பேர் பகுதிக்குப் போய் பிசிடிபூட் கட்டளையால் மீட்டெடுங்கள். ஒரு சாதாரணப் பயனர் கணக்கை உருவாக்கி, ஒரு ஃபோல்டருக்கு ஷேர் அனுமதியில் முழு உரிமையும் டிஸ்க்கின் என்டிஎஃப்எஸ் அனுமதியில் படிக்க மட்டும் உரிமையும் அந்தக் கணக்குக்குக் கொடுங்கள். நெட்வொர்க் வழியாக அதே கணக்கில் வந்தால் எது ஜெயிக்கிறது? கறாரானதுதான் ஜெயிக்கும். இதைப் படித்தவர்கள் தேர்வில் தடுமாறுவதுண்டு, செய்து பார்த்தவர்கள் தடுமாறுவதில்லை.

கைவேலைக்கு ஓடாத பழைய சிஸ்டம் ஒன்று போதும். பிரித்து மாட்டத்தானே, ஓட வேண்டிய அவசியமில்லை. உங்கள் அலுவலகத்திலேயே ஒதுக்கி வைத்தது ஏதாவது இருக்கும், அனுமதி கேட்டுப் பாருங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள், முடிந்தால் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டுங்கள். நீங்கள் உணரவே முடியாத நிலைமின்சாரமே ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். இரண்டு விஷயத்தில் மட்டும் ஆர்வம் வேண்டாம்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். உப்பிய லேப்டாப் பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது.

தேர்வு பற்றி. 1993 முதல் நடக்கிற தேர்வு இது. கோர் 1, கோர் 2 என்று இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900-க்கு முதலாவதில் 675, இரண்டாவதில் 700 எடுக்க வேண்டும். பாடத்திட்டத்தின் எடையைப் பாருங்கள். கோர் 1-இல் மிகப்பெரிய பகுதி பழுது கண்டுபிடித்தல், 28 சதவீதம். ஹார்ட்வேர் 25தான். கோர் 2-இலும் மென்பொருள் பழுதுக்கு 23. நான் வரிசை வரிசை என்று அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் சொல்லும் பழுதுநீக்கும் முறையும் ஒரு வரிசைதான். பிரச்சினையைக் கேட்டறி, காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டமிட்டுச் சரிசெய், முழுதாக ஓடுகிறதா என்று பார், எழுதி வை. கேள்விகள் பெரும்பாலும் "அடுத்து என்ன செய்வார்?" என்று முடியும். நான்கு விடையும் சரியான செயலாகவே இருக்கும், ஆனால் அந்தக் கட்டத்துக்குரியது ஒன்றுதான். எதையும் மாற்றும் முன் பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதை மறந்துவிடாதீர்கள். தேர்வில் மதிப்பெண் போகும், வேலையில் மற்றவருடைய கோப்புகள் போகும். ஆஃப் செய்து ஆன் செய்வதைப் பற்றிக் கூச்சப்பட்டிருந்தீர்கள். அதில் தப்பில்லை. ஆஃப் செய்யும் முன் திரையில் இருந்த பிழைச் செய்தியைப் படித்து எழுதி வைத்தீர்களா என்பதுதான் கேள்வி.

இணையத்தில் 'டம்ப்' என்று உண்மையான கேள்விகளை விற்கிறார்கள். பக்கமே போகாதீர்கள். கண்டுபிடித்தால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். அதைவிட, முதல் வாரமே வேலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எது முதலில் என்று விதி கிடையாது. கோர் 1-ஐ முதலில் எழுதுங்கள் என்பேன், கோர் 2-இல் வரும் பல பழுதுகள் அதைத் தெரிந்தால்தான் விளங்கும். ஆனால் இரண்டும் ஒரே தொடராக இருக்க வேண்டும். இப்போது நடப்பது 2025 மார்ச்சில் வந்த 1201, 1202. முந்தைய 1101, 1102 இரண்டின் ஆங்கிலத் தாள்களும் அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையில் எந்த எண் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். 1101 என்றிருந்தால் தூக்கிப்போட வேண்டாம், பூட் வரிசையைப் படிக்க அதுவே போதும். காம்ப்டியா தளத்தில் புதிய பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது, அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.